குவாரிக் காணிக் கடிதத்தில் என் கையெழுத்து

குவாரியடி,
நெளுக்குளம்,
வவுனியா.
08.09.2000

அன்பு மகன் ஜனார்த்தனனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் தங்கச்சி சுமித்திராவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அந்தக் கட்டார் நாட்டு வெயிலில் காய்ச்சல் தலையிடி ஒன்றும் அண்டாமல் இருக்கவேண்டும் என்று வெள்ளிக்கிழமை தவறாமல் கும்பிட்டு வருகிறேன். நீ அனுப்பிய படம் கிடைத்தது. கன்னம் ஒட்டிப்போய்க் கிடக்கிறது மகன், அங்கே சமைத்துத் தருவது வாய்க்குப் பிடிக்காவிட்டாலும் சோற்றை மட்டும் குறைக்காதே. வலது காதுக்குள் இப்போதும் இரைகிறதா என்று கேட்டு எழுதியிருந்தேன், அதற்கு மட்டும் நீ பதில் எழுதவில்லை. சுமித்திரா மார்கழியில் சோதனை எழுதப்போகிறாள், மற்றப் பாடமெல்லாம் பரவாயில்லை, கணக்குத்தான் பிடிபடவில்லை என்கிறாள். வெள்ளை ஆடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் கிடாய். சித்திரைக்குப் பிறகு மழை என்று சொல்ல ஒன்றும் இல்லை, கல்லுடைத்த குவாரிக் கிடங்கில் தண்ணீர் இறங்கி, நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து குதிக்கிற அந்தத் தட்டைக் கல் முழுவதும் வெளியே தெரிகிறது. அப்பாவுக்கு இருமல் விடிய ஒரு தரமும் பின்னேரம் ஒரு தரமும் வரும், மற்ற நேரம் சும்மா இருக்கமாட்டார், உனக்குத் தெரியும்தானே.

இரண்டு மாதமாக உனக்குக் கடிதம் போடவில்லை. தபால் பிந்துகிறது, சண்டையால் பாதை பூட்டியிருக்கும் என்று நீ நினைத்திருப்பாய். தபாலில் ஒரு பிழையும் இல்லை. நான்தான் எழுதத் தொடங்குவதும் கிழிப்பதுமாக இருந்தேன். மீனம்மா அக்காவின் மருமகன் உன்னுடைய கம்பனியிலேயே இருக்கிறபடியால் இங்கே நடந்தது எப்படியும் உன் காதுக்கு வரும், வேறு ஒருவர் வாயால் வருவதற்கு முதல் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இன்றைக்கு மனதைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இங்கே பிரித்துப் பார்ப்பார்கள் என்ற பயத்தில் இதை இங்கே தபாலில் போடவில்லை, கொழும்புக்குப் போகிற ஒரு ரீச்சரிடம் கொடுத்து அங்கே போடச் சொல்லப்போகிறேன். வாசித்து முடிக்கும்வரை கோபப்படாதே. முடித்தபிறகு என்ன வேண்டுமானாலும் நினை.

குவாரிக் காணி விசயம் முந்திய கடிதங்களில் கொஞ்சம் எழுதியிருந்தேன், ஆனாலும் தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும். தொண்ணூறில் சண்டை தொடங்கி வெடிமருந்துக்குத் தடை வந்து குவாரி மூடியபிறகு அந்தக் கிடங்கை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, கல்லுடைத்த நாங்கள்தான் போக வேறு இடம் இல்லாமல் அதன் கரையில் இருந்துவிட்டோம். மழைத் தண்ணீர் நிரம்பி அது எங்களுக்குக் குளமாயிற்று. இந்தப் பாறையில் எங்கே கிணறு வெட்டினாலும் தண்ணீர் வராது என்பது உனக்குத் தெரியும், நாற்பத்திரண்டு வீட்டுக்கும் குளிக்க, கத்தரி மிளகாய்க்கு இறைக்க, ஆடு மாட்டுக்கு எல்லாம் அந்தக் கிடங்குதான். இந்த மாசியில் கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள். முன்னாள் குவாரிக் காணியைக் கைத்தொழில் செய்கிற இடமாக மாற்றப்போகிறார்கள், ஆட்சேபனை இருந்தால் எழுத்தில் தரவும் என்று இருந்தது. கேட்டுப் பார்த்தால் றோட்டுப் போடுகிற கொந்தராத்துக்கார வீரபாகு முதலாளிக்குத் தார் கலக்கும் ஆலையும் கல் அரைக்கும் மெசினும் போடவாம். தண்ணீர் அவருடைய மெசினுக்குப் போய்விடும், புகையும் தூசும் எங்களுக்கு வரும், அதுகூடப் பிறகு, முதலில் நாங்கள் இருக்கிற நிலமே போய்விடும், ஏனென்றால் எங்களில் ஒருவரிடமும் காணிப் பெர்மிற் இல்லை. எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு இங்கே வந்தவள் நான், இன்னொரு தரம் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது.

சனம் சும்மா இருக்கவில்லை. மனு எழுதினோம், நாற்பத்திரண்டு வீட்டிலும் கையெழுத்து வாங்கினோம். நில அளவைக்காரர்கள் சங்கிலியோடு வந்தபோது பெண்கள் எல்லோரும் குடத்தோடு போய்ப் பாதையில் இருந்துவிட்டோம், அவர்கள் நல்ல மாதிரிப் பிள்ளைகள், எங்களைத் தாண்டி வராமல் திரும்பிப் போனார்கள். பிறகு நாங்கள் இல்லாத நேரம் வந்து முளை அடித்துவிட்டுப் போக, அடுத்த நாளே அப்பா ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டுவந்து குசினி வாசலில் அடுக்கி, இலட்சுமி, அடுப்புக்கு விறகு வந்திருக்கு என்றார். அந்தக் கிடங்கில் பதின்மூன்று வருசம் பாறையில் துளை போட்டுக் கல்தூசு குடித்த மனிசன். பிரதேச செயலகக் கந்தோருக்கு மனுக் கொடுக்கப் போன இடத்தில் காணிப் பகுதியில் இருக்கிற கமலாசனி என்கிற அம்மாவிடம், மிஸ், அந்தக் கிடங்குக்குள்ளதான் என்ர நெஞ்சு கிடக்கு, அதை எடுத்து ஆருக்கும் குடுக்காதேங்கோ என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா பேனையை வைத்துவிட்டு அப்பா இருமி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாவாம். இதையெல்லாம் அப்பா என்னிடம் வந்து சொல்லும்போது நான் அரிசி புடைக்கிற மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு இருப்பேன். ஏன் என்று இனித்தான் எழுதவேண்டும்.

பங்குனி கடைசியில் வீரபாகு முதலாளி தன்னுடைய பிக்கப்பில் வந்து இறங்கி, சனம் கூடி நிற்க எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, உங்கட சங்கமே மூண்டு வருசத்துக்கு முன்னம் ஆட்சேபனை இல்லையெண்டு எழுதிச் சீல் குத்தித் தந்திட்டுது, இப்ப என்ன புதுசா ஆட்சேபனை என்று கேட்டார். எந்தச் சங்கம், யார் கையெழுத்து என்று சொல்லவில்லை. கடிதம் கந்தோர்ப் பைலுக்குள் இருக்கிறது என்றுமட்டும் சொன்னார். சங்கம் என்றால் கிராம அபிவிருத்திச் சங்கம், அதற்குத் தலைவர் நல்லதம்பி மாமா, அவருடைய தம்பி வீரபாகுவின் லொறி ஓடுகிறவன், சனத்துக்கு இதைவிட என்ன வேண்டும். நல்லதம்பி மாமா, நான் ஒரு கடிதமும் குடுக்கேல்லை, அம்மன் மேல ஆணை என்று கத்தினார். ஒருவரும் நம்பவில்லை. நாங்கள் இங்கே வந்த புதிதில் முதல் கொட்டிலுக்குத் தடி வெட்டித் தந்தவர், கடையில் கொப்பி போட்டு எங்களுக்குக் கடனுக்குச் சாமான் தந்தவர், அவருடைய கடைக்கு முன்னால் நின்று உன் அப்பாதான் முதலில் சத்தம் போட்டார், இனி இந்தக் கடையில் ஒரு நெருப்புப்பெட்டிகூட வாங்கக்கூடாது என்று. சனம் அப்படியே செய்தது. வைகாசியில் மாமாவின் மகள் சுரேகா பெரிய பிள்ளையானாள். சடங்குக்குப் பந்தல் போட்டு, வாழை கட்டி, வீடு வீடாக வந்து சொன்னார்கள். ஒருவரும் போகவில்லை மகன். நானும் போகவில்லை. அந்தப் பிள்ளை சிவப்புச் சேலையோடு வெறும் பந்தலுக்குள் இருந்ததை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். சுமித்திரா, அம்மா நாங்களாவது போவம், சுரேகா பாவம் என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் அவளை அதட்டி உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன்.

அதோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. ஊர் சொன்னதையே நானும் எழுதிய கடிதத்தைப் பார்த்து நீ ஆனியில் பதில் போட்டிருந்தாய். நல்லதம்பியைப் போல ஒருவனை மாமா என்று கூப்பிட்டதற்கு வெட்கப்படுகிறேன், சொந்தச் சனத்தின் தண்ணீரைக் கொடுத்தவன் நாசமாய்ப் போவான் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை மாதர் சங்கக் கூட்டத்தில் மீனம்மா அக்கா, வெளிநாட்டில இருந்து பிள்ளை எழுதியிருக்கிறான், வாசியடி என்றாள். நான் வாசித்தேன். ஒரு சொல் விடாமல் வாசித்தேன். எல்லோரும், ஓம், சரியாச் சொன்னான் என்றார்கள். என் கண் கலங்கியதைப் பார்த்து, மகனை நினைத்து அழுகிறாள் என்று எனக்குத் தண்ணீர் தந்தார்கள்.

அந்தக் கையெழுத்து என்னுடையது. நான் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவி, சீல் என் தகரப்பெட்டிக்குள்தான் இருந்தது. பழைய சீல், ரப்பர் தேய்ந்து மாதர் என்கிற சொல் விழாது, குத்தினால் கிராம அபிவிருத்திச் சங்கம், குவாரியடி என்றுமட்டும்தான் வரும். தொண்ணூற்றேழில் உன்னை ஆமிச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய்ப் பதினொரு நாளால் விட்டார்களே, நீ காதில் துணியை வைத்துக்கொண்டு வந்து படலையில் நின்றாயே, அன்றைக்குப் பிறகு நான் நித்திரை கொண்டதாக ஞாபகம் இல்லை. உன்னோடு பிடித்த மீனம்மா அக்காவின் மகன் வரவே இல்லை. அடுத்த முறை உன்னைக் கொண்டுபோனால் நீயும் வரமாட்டாய் என்பதுதான் என் தலைக்குள் ஓடியது. உன்னைக் கொழும்புக்கு அனுப்ப ஆமியிடம் பயணப் பாஸ் எடுக்க நாலு தரம் வரிசையில் நின்றேன், நாலு தரமும் காரணம் போதாது என்று திருப்பிவிட்டார்கள். ஐந்தாம் முறை போய்த் திரும்பும்போது வீரபாகு முதலாளி வாகனத்தை நிற்பாட்டி, ஏன் அழுதுகொண்டு வாறியள் என்று கேட்டார். சொன்னேன். எனக்கு அங்க தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம், பாஸ் நான் எடுத்துத் தாறன், நீங்கள் எனக்கு ஒரு கடிதம் தரவேணும் என்றார். ரைப் அடித்த கடிதத்தை அவரே கொண்டுவந்தார். கைவிடப்பட்ட குவாரிக் காணியை எதிர்காலத்தில் கைத்தொழிலுக்குப் பாவிப்பதில் எங்கள் சங்கத்துக்கு ஆட்சேபனை இல்லை என்று இருந்தது, கீழே பெயர் ஒன்றும் அடித்திருக்கவில்லை. வாசித்து விளங்கித்தான் வைத்தேன் மகன், எழுத்துத் தெரியாதவள் என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை. இந்தச் சண்டைக்குள் யார் வந்து ஆலை போடப்போகிறான், வெறும் காகிதம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூட்டம் போடவில்லை, ஒருவரையும் கேட்கவில்லை. அப்பா அப்போது விறகுக்குப் போயிருந்தார். மூன்றாம் நாள் பாஸ் வந்தது, நீ கொழும்புக்குப் போய் அங்கிருந்து கட்டாருக்கு ஏறினாய். கிராம சேவகர் ஐயா உதவி செய்தார் என்று உனக்கும் அப்பாவுக்கும் நான் சொன்னது பொய்.

விசாரணை ஆவணி முதலாம் திகதி செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் என்று அறிவித்தார்கள். அதற்கு நாலு நாள் முந்தி, நான் ஆட்டுக்குக் குழை முறித்துக்கொண்டு நிற்க, வீரபாகு வந்தார். சனம் கதைக்கிறதைக் கதைக்கட்டும், நீங்கள் வாயைத் திறக்காட்டி உங்கட பேர் ஒருக்காலும் வெளியில வராது, நான் சொன்ன சொல்லுத் தவறமாட்டன் என்றார். உண்மையில் அவர் தவறவும் இல்லை, இவ்வளவு காலமும் என் பெயரை ஓரிடத்திலும் சொல்லவில்லை. குழையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வரும்போது என் மனதில் இருந்தது நிம்மதி என்று சொன்னால் நீ என்னைப்பற்றி என்ன நினைப்பாயோ தெரியாது. ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

விசாரணைக்குக் கமலாசனி அம்மாவும் இன்னும் இரண்டு உத்தியோகத்தர்களும் வந்தார்கள். மண்டபம் நிறையச் சனம். எங்கள் பக்கத்துக்கு அப்பா பேசினார், மீனம்மா அக்கா பேசினாள், வீரபாகு நிதானமாக எழுந்து பைலில் இருக்கிற கடிதத்தைப் பார்க்கும்படி சொன்னார். கமலாசனி அம்மா அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு, சங்கமே சம்மதிச்சிருக்கு எண்டா உங்கட மனு நிக்காது, இது பிழையான கடிதம் எண்டா எழுதினவர்தான் வந்து சொல்லவேணும், இல்லாமல் நான் இதை ஒதுக்கேலாது என்றா. தலைவரைக் கூப்பிட்டா. நல்லதம்பி மாமா எழுந்து போனார், மெலிந்துபோயிருந்தார், பின்னால் இருந்து யாரோ காறித் துப்பினார்கள். கடிதத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக் கனநேரம் பார்த்தார். இது என்ர கையெழுத்தில்லை மிஸ் என்றார். அப்ப ஆற்ர என்று அந்த அம்மா கேட்டா. அவர் அடியில் குத்தியிருந்த சீல் அடையாளத்தைத் திரும்பவும் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் சங்கத்துச் சீல், அவர்களுடைய சீல் இரண்டையும் பட்டணத்தில் ஒரே கடையில் ஒரே நாளில் செய்வித்துக்கொண்டு வந்தவர் அவர்தான், எங்களுடையதில் அடியில் ஒரு சின்னத் தாமரைப்பூ இருக்கும், அவர்களுடையதில் இல்லை. அந்தப் பூவை அவர் கண்டுவிட்டார். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன், ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். அவர் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. மிஸ், அது நான் வைச்ச கையெழுத்து, மாதர் சங்கத்துச் சீல், கூட்டம் போடேல்லை, ஒருத்தருக்கும் தெரியாது, என்ர மகனுக்குப் பாஸ் எடுக்கிறதுக்காக வைச்சுக் குடுத்தனான் என்றேன். அந்த அம்மா என்னைத் திரும்பவும் ஒருமுறை சொல்லச் சொல்லி எழுதி எடுத்தா, கூட்டப் புத்தகத்தை வாங்கிப் பார்த்து அந்த மாதத்தில் அப்படி ஒரு தீர்மானமும் இல்லை என்று குறித்தா. வீரபாகு மட்டும், பிள்ளையை அனுப்பேக்க நான் நல்லவன், இப்ப கெட்டவனோ அக்கா என்று கேட்டார். சத்தம் போடாமல், மனம் நொந்த மாதிரித்தான் கேட்டார். அழுதுகொண்டு நின்றவளிடம் வாங்கிய கடிதம் அது என்று பிறகு பலர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அவர் தருவதாகச் சொன்னதைத் தந்தார், நான்தான் என்னுடையது அல்லாததைக் கொடுத்தேன்.

வெளியே வந்ததும் மீனம்மா அக்கா என் முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். உனக்கொரு வழி கிடைச்சுது இலட்சுமி, எனக்குக் கிடைக்கேல்லை, கிடைச்சிருந்தா நானும் வைச்சிருப்பன், ஆனா நாலு மாசமா அந்த மனிசனைத் துப்பவிட்டிட்டுப் பாத்துக்கொண்டிருந்தாய் பார், அதை நான் செய்திருக்கமாட்டன் என்றாள். அடுத்த கூட்டத்தில் என்னைத் தலைவிப் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள், அது நியாயம்தான். இப்போது மீனம்மா அக்காதான் தலைவி, தகரப்பெட்டியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் அப்பா மண்டபத்திலிருந்து என்னோடு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் தோட்டத்துப் பேச்சு வந்துவிட்டது, அவருக்கு மனம் உடைந்தால் அந்தப் பேச்சுத்தானே வரும். ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு பேருமா சேந்து போட்டிருக்கலாமே, நான் அந்த மனுசன் மொகத்துல எப்புடி முழிப்பேன் என்று கேட்டார். பிறகு பத்து நாள் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் மறுநாள் காலமை நல்லதம்பி மாமாவின் கடைக்கு முன்னால், தான் சத்தம் போட்ட அதே இடத்தில் போய் நின்று, சனம் பார்க்கத்தக்கதாகக் கையெடுத்துக் கும்பிட்டாராம். மாமா, ராசண்ணை உள்ள வாங்கோ என்று கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார் என்று சுமித்திரா வந்து சொன்னாள்.

காணி விசயத்தில் போன கிழமை முடிவு வந்தது. கிடங்கும் நாங்கள் இருக்கிற கரையும் திட்டத்திலிருந்து எடுபட்டுவிட்டன, தார் ஆலையும் கல் மெசினும் இல்லை. றோட்டுக் கரையில் இருக்கிற மேட்டுப் பாறையை மட்டும் ஒரு அரிசி ஆலைக்கு விடப்போகிறார்களாம், அதற்கும் சனம் முணுமுணுக்கிறது, ஆனால் தண்ணீர் தப்பிவிட்டது. பெர்மிற் பற்றி இன்னும் ஒரு கதையும் இல்லை, கமலாசனி அம்மா விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறா. முடிவு வந்த அன்று அம்மன் கோயிலில் பொங்கினார்கள். என்னை ஒருவரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. நான் வீட்டில் இருந்துகொண்டேன்.

விசாரணைக்குப் பிறகு நல்லதம்பி மாமா வீட்டுக்குப் போக எனக்குப் பன்னிரண்டு நாள் எடுத்தது. சுரேகாவுக்கு என்று ஒரு பாவாடைத் துணியைக் கொண்டுபோனேன். மாமி என்னைக் கண்டு குசினிக்குள் போய்விட்டா. மாமா கதிரையைக் காட்டினார், நான் இருக்கவில்லை. சீலில பூவைக் கண்டவுடனை உங்களுக்குத் தெரிஞ்சதுதானே அண்ணை, ஏன் என்னைக் காட்டேல்லை என்று கேட்டேன். பிள்ளையைக் காப்பாத்தத்தான் செய்திருப்பியள் எண்டு தெரியும் தங்கச்சி, அந்தக் கையெழுத்தை நான் எப்பவோ மறந்திடுவன் என்றார். பிறகு, ஆனா ஊரெல்லாம் வராமல் விட்டதுகள் தெரியாமல் விட்டதுகள், நீங்கள் எல்லாம் தெரிஞ்சும் என்ர பிள்ளையின்ர சடங்குக்கு வரேல்லையே என்றார். அவர் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். துணியை அவர் வாங்கவில்லை, சுரேகா வந்து வாங்கினாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ நல்லதம்பி மாமாவுக்கு உன் கைப்பட ஒரு கடிதம் எழுதவேண்டும் மகன். நீ எழுதிய அந்தச் சொல்லை நான் கூட்டத்தில் வாசித்தது அவருடைய காதுக்கும் போயிருக்கிறது. உனக்கு உண்மை தெரியாது, தெரியாதவன்மேல் பிழையில்லை, ஆனாலும் எழுது. என்னை விட்டுக்கொடுக்காமல் எழுத நினைக்காதே, அம்மா செய்தது பிழை என்றே எழுது. இன்னொன்று, இதைக் கேட்டு என்னால்தான் இவ்வளவும் வந்தது என்று நீ அங்கே தனியே கிடந்து மனதை வருத்தக்கூடாது. நீ கேட்டு நான் செய்யவில்லை, உனக்குச் சொல்லியும் செய்யவில்லை.

நேற்றுக் காலமை அப்பாவும் நானும் தண்ணீருக்குப் போனோம், அவர் என்னோடு கதைக்கத் தொடங்கி இப்போது நாலு கிழமை ஆகிறது. கிடங்குக்குள் இறங்கி வாளியை நனைத்துக்கொண்டிருக்கும்போது திரும்பிப் பார்க்காமலே ஒரு கேள்வி கேட்டார். ஜனா மறுபடி அன்னிக்கு மாதிரி படலையில வந்து நின்னா, அந்தக் காகிதத்தையும் ஒருத்தன் கொண்டாந்து நீட்டினா, என்ன செய்வ என்றார். இவ்வளவு பேருக்கு முன்னால் எழுந்து நின்று பிழை என்று சொன்னவள் நான், நல்லதம்பி மாமா வீட்டு வாசலில் கூசிப்போய் நின்றவள், வைக்கமாட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கவேண்டும். வாய் வரவில்லை மகன். அப்பா வாளியை நிறைத்தார். பிறகு, எனக்கும் தெரியல்ல என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கினார்.

எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, நீ நோய் நொடி இல்லாமல் நீடூழி இருக்கவேண்டும். சீமெந்துத் தூசுக்குள் வேலை செய்யும்போது வாயையும் மூக்கையும் ஈரத்துணியால் கட்டிக்கொள், ஒரு நாளும் மறக்காதே. காதை ஒரு டொக்டரிடம் காட்டி என்ன சொன்னார் என்று எழுது. மாமாவுக்குக் கடிதம் போட்டபிறகு எனக்குப் போட்டால் போதும்.

உன் அன்பு அம்மா
இராசு இலட்சுமி